பொத்தானுக்கும் திரைக்கும் நடுவே

சென்னையின் மேற்குப் புறநகரில் பராமரிப்புப் பணிக்காக மின்தடை அறிவிக்கப்பட்ட நாளில், காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் பெரும்பாலும் மதியம் 2 மணிக்குத் திரும்பும். அம்பத்தூர் ஓ.டி. பக்கமும் ஆவடி மார்க்கெட் பக்கமும் உள்ள கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் அதற்குப் பிறகுதான் போன் அடிக்கத் தொடங்கும். அழைப்பவர்கள் சொல்வது ஒரே வாக்கியம்தான்: “சிஸ்டம் ஆன் ஆகலைங்க.” அனுபவமுள்ள சர்வீஸ்காரர் உடனே வண்டியை எடுப்பதில்லை. “ஃபேன் சுத்துதா? பீப் சத்தம் வருதா? ஸ்க்ரீன்ல ஏதாவது எழுத்து தெரியுதா?” என்று கேட்பார்.

அந்தக் கேள்விகளிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. கணினி ஒரே நொடியில் விழித்துக்கொள்ளும் பொருள் அல்ல. ரிலே ஓட்டத்தில் கோல் கைமாறுவதுபோல, முதலில் மின்சாரம், பிறகு செயலி, பிறகு நினைவகம், பிறகு வட்டு, கடைசியில் இயங்குதளம் என்று வரிசை மாறாமல் விழிக்கிறது. முந்தையது சரியாக நடந்தால்தான் அடுத்தது தொடங்கும். எந்த இடத்தில் கோல் விழுந்தது என்பதை, பெட்டியைத் திறக்காமலேயே ஓரளவு சொல்லிவிட முடியும்.

“ஆன் ஆகல” என்ற ஒரே புகாருக்குள் நான்கு நோய்கள் இருக்கின்றன. சர்வீஸ் கடைகளில் அவற்றுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. எதுவுமே அசையாவிட்டால் ‘டெட்’. மின்விசிறி சுற்றியும் திரை கறுப்பாகவே இருந்தால் ‘நோ டிஸ்ப்ளே’. கம்பெனி லோகோ வந்து அதோடு நின்றால் ‘பூட் ஆகல’. விண்டோஸ் வரை வந்து நீலத் திரை காட்டி மறுபடி முதலிலிருந்து தொடங்கிக்கொண்டே இருந்தால் ‘ரீஸ்டார்ட் ஆயிட்டே இருக்கு’. முதல் நோய்க்கும் நான்காவது நோய்க்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் வீட்டில் இருப்பவருக்கு நான்கும் ஒன்றாகத் தெரிவதால்தான், ஐம்பது ரூபாய் பேட்டரியில் முடிய வேண்டிய வேலை புது மதர்போர்டு வரை போகிறது. அதைவிட மோசம், “ஃபார்மேட் பண்ணிடலாம்” என்று குடும்பத்தின் பத்து வருடப் புகைப்படங்களோடு முடிவது.

முதலில் ‘டெட்’. மேசைக் கணினியின் பவர் பட்டன், ஃபேன் சுவிட்சைப்போல மின்சாரத்தை வெட்டி இணைப்பதில்லை. சுவரில் சுவிட்சைப் போட்டதுமே எஸ்எம்பிஎஸ் என்ற மின் பெட்டி பாதி விழித்துவிடுகிறது. ஊதா நிற ஒயர் வழியாக 5 வோல்ட் எப்போதும் மதர்போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பட்டனை அழுத்தினால் ஒரு சிறு சமிக்ஞை மட்டும் மதர்போர்டுக்குப் போகிறது. அது பச்சை ஒயரைத் தரை மின்னழுத்தத்துக்கு இழுக்க, எஸ்எம்பிஎஸ் முழுதாக ஓடத் தொடங்கி 12, 5, 3.3 வோல்ட்களைத் தருகிறது. இவை நிலைப்பட்ட பிறகு, ஒரு நொடியில் பத்திலொரு பங்கிலிருந்து அரை நொடிக்குள், ‘எல்லாம் சரி’ என்ற சமிக்ஞை சாம்பல் நிற ஒயரில் வரும். அது வரும்வரை செயலி கட்டிப்போடப்பட்டே இருக்கும். 1995-ல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் தரம் இது. இன்றும் பெரும்பாலான மேசைக் கணினிகள் இதைத்தான் பின்பற்றுகின்றன.

ஆகவே எதுவுமே அசையாதபோது முதலில் தேட வேண்டிய இடம் கணினிக்கு வெளியே இருக்கிறது. அதே பிளக் பாயின்டில் மொபைல் சார்ஜரைச் சொருகிப் பார்க்கலாம். ஸ்பைக் பஸ்டரின் சுவிட்ச், யூபிஎஸ், எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கச் சுவிட்ச், தளர்ந்த பவர் கார்டு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தபின்தான் ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டும். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரி வெளியே வரும் ரகமாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடிந்து, குழம்பிப்போன கட்டுப்பாட்டுச் சில்லு புதிதாகத் தொடங்க இது வழி செய்யும்.

எஸ்எம்பிஎஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் கடைகளில் செய்யும் சோதனை எளிமையானது. பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டிலிருந்து 24 ஊசிக் கனெக்டரைக் கழற்றுவார்கள். பச்சை ஒயரின் துளையையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரின் துளையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டு, கார்டைச் சொருகி மின்சாரம் கொடுப்பார்கள். விசிறி சுற்றினால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது. ஆனால் விசிறி சுற்றுவது மட்டுமே முழுச் சான்றிதழ் ஆகாது. மல்ட்டிமீட்டரில் 12 வோல்ட் ஒயர் 11.4-க்கும் 12.6-க்கும் இடையே நிற்க வேண்டும். 5 வோல்ட் ஒயர் 4.75-க்கும் 5.25-க்கும் இடையே. இதற்குமேல் போய் எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியை வீட்டில் திறப்பது உயிரோடு விளையாடுவது. 230 வோல்ட் மாறு மின்னோட்டம் உள்ளே நேர் மின்னோட்டமாக மாறும்போது சுமார் 325 வோல்ட் ஆகி மின்தேக்கியில் தங்குகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அங்கேயே இருக்கும்.

எஸ்எம்பிஎஸ் சாவதற்கு, தெருவிலிருந்தே வரும் ஒரு காரணமும் உண்டு. “நியூட்ரல் போயிடுச்சு” என்று தெருவில் யாராவது சொன்னால் அதை அலட்சியமாக விடக் கூடாது. தெருவுக்கு வருவது மும்முனை மின்சாரம். ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். இரண்டு பேஸ்களுக்கு நடுவே 400 வோல்ட். கம்பத்திலோ பில்லர் பாக்ஸிலோ நியூட்ரல் ஒயர் அறுந்தால், வெவ்வேறு பேஸில் இருக்கும் வீடுகள் ஒன்றோடொன்று தொடராகக் கோக்கப்பட்டதுபோல் ஆகிவிடும். குறைந்த சுமை உள்ள வீட்டில் மின்னழுத்தம் 400-ஐ நோக்கி ஏறும். பல்பு வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரியும். ஃபேன் வெறி பிடித்ததுபோல் சுற்றும். அந்த நொடியில் பிளக்கைப் பிடுங்கியவர் தப்பித்தார். இல்லாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் வேரிஸ்டர் தன்னைக் கருக்கிக்கொண்டு ஃபியூஸை எரித்து மற்ற பாகங்களைக் காப்பாற்றப் பார்க்கும். விலை மலிந்த பெட்டிகளில் அந்த வேரிஸ்டரையே மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்து எடையை வைத்துத் தரம் சொல்லும் பழைய ஆட்களின் கணக்கு முழுக்க அறிவியல் அல்ல என்றாலும், முழுக்கப் பொய்யும் அல்ல.

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னையிலும் புறநகரிலும் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப் போன மின்சாரம் திரும்பி வரும் முதல் சில நிமிடங்கள்தான் கணினிக்கு ஆபத்தானவை. தெரு முழுக்க ஃபிரிட்ஜும் மோட்டாரும் ஒன்றாக இழுக்கும்போது மின்னழுத்தம் விழுந்து எழும். கரண்ட் போனதும் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு, வந்தபின் ஐந்து நிமிடம் பொறுப்பது செலவில்லாத காப்பீடு.

இன்வர்ட்டர் வைத்திருக்கும் வீடுகளில் ஒரு விசித்திரப் புகார் உண்டு: “கரண்ட் போனா டிவி ஓடுது, ஃபேன் ஓடுது, கம்ப்யூட்டர் மட்டும் ஆஃப் ஆகி ஆன் ஆகுது.” நம் மின்சாரத்தின் ஒரு சுழற்சி 20 மில்லி நொடி. மின்சாரம் அறுந்தால் எஸ்எம்பிஎஸ் தன் சேமிப்பை வைத்துச் சுமார் 16 மில்லி நொடி தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது தரவிதி. பல இன்வர்ட்டர்களின் பின்புறத்தில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. அது ‘யூபிஎஸ்’ நிலையில் இருந்தால் இன்வர்ட்டர் அந்தக் கெடுவுக்குள் மாறிவிடும். சாதாரண நிலையில் அதைவிட நேரம் எடுக்கும். ஃபேனுக்கு அது தெரியாது, கணினிக்குத் தெரியும். அந்தச் சுவிட்சைத் தள்ளினால் தீரும் பிரச்சினைக்குப் பலர் ரேம் மாற்றியிருக்கிறார்கள்.

அடுத்தது ‘நோ டிஸ்ப்ளே’. மின்சாரம் சரியாக வந்தபின் செயலி விழித்து, மதர்போர்டில் உள்ள சிறு சில்லில் எழுதப்பட்ட பயாஸ் நிரலைப் படிக்கிறது; இன்றைய கணினிகளில் அதன் வாரிசான யுஇஎஃப்ஐ. அது நினைவகம் இருக்கிறதா, திரைக்கான சில்லு இருக்கிறதா என்று சோதிக்கும். 1981-ல் ஐபிஎம் வெளியிட்ட முதல் பர்சனல் கம்ப்யூட்டரிலேயே இந்தச் சுயசோதனை உண்டு. எல்லாம் நலம் என்றால் ஒரு சிறு பீப். திரையே இல்லாதபோது திரை இல்லை என்று திரையில் எழுதிக் காட்ட முடியாது. அதனால்தான் இந்த ஒலி மொழி. ஏஎம்ஐ பயாஸில் ஒரு நீண்ட பீப்பும் மூன்று குட்டி பீப்பும் வந்தால் நினைவகத்தில் கோளாறு. அவார்டு பயாஸில் ஒரு நீண்டதும் இரண்டு குட்டியும் வந்தால் திரைச் சில்லு. புதிய மதர்போர்டுகள் பலவற்றில் ஸ்பீக்கரே கிடையாது. பதிலாக ஓரத்தில் சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று எழுதிய நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் கோல் விழுந்திருக்கிறது.

இங்கே சர்வீஸ்காரர் சட்டைப் பையிலிருந்து எடுப்பது பள்ளிப் பிள்ளைகளின் ரப்பர். பவர் கார்டைப் பிடுங்கி, கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுக் கையில் உள்ள நிலைமின்னூட்டத்தை இறக்கிவிட்டு, ரேம் பலகையை இரு பக்கமும் உள்ள கிளிப்பைத் தள்ளி வெளியே எடுப்பார். கீழ் விளிம்பில் பொன்னிறப் பட்டைகள் வரிசையாக இருக்கும். ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்ப்பார். தூள் போக ஊதாமல் பிரஷ்ஷால் தட்டுவார். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படும் என்பது அவருக்குத் தெரியும். பிறகு ‘டக்’கென்று கிளிப் பூட்டும்வரை அழுத்திச் சொருகுவார். பட்டனைத் தட்டினால் படம் வந்துவிடும். இது மந்திரம் அல்ல. அந்தப் பட்டைகளில் இருப்பது மிக மெல்லிய தங்கப் பூச்சு. ஈரக்காற்றும் தூசியும் சேர்ந்து அதன்மேல் ஒரு படலம் போட்டால் தொடுமுனையில் மின்தடை ஏறுகிறது. பல சமயம் கழற்றிச் சொருகுவதே போதும். ரப்பரை அடிக்கடி பயன்படுத்தினால் தங்கமே தேய்ந்துவிடும். அதனால் இது ஆண்டுக்கொரு முறை செய்யும் பராமரிப்பு வேலை அல்ல.

வெயிலுக்கும் பங்கு உண்டு. கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில், மேசையின் மூலையில் காற்றில்லாமல் வேகும் கேபினட்டுக்குள் மின்தேக்கிகள் சீக்கிரம் கிழடாகின்றன. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் நடைமுறைக் கணக்கு. 2000-களின் தொடக்கத்தில் தரமற்ற மின்பகுபொருள் நிரப்பப்பட்ட மின்தேக்கிகள் உலகம் முழுக்கப் பரவி, மதர்போர்டுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. டெல் நிறுவனத்தின் ஆப்டிபிளெக்ஸ் கணினிகள் அதில் பேர்போனவை. தட்டையாக இருக்க வேண்டிய தலை உப்பியிருந்தாலோ பழுப்புநிறக் கசிவு தெரிந்தாலோ அது மின்தேக்கியின் மரண வாக்குமூலம். சால்டரிங் தெரிந்தவர் சில ரூபாய்ப் பாகத்தை மாற்றி அந்தப் பலகையைப் பிழைக்க வைக்கலாம். சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் அந்தப் பாகம் இன்றும் கிடைக்கிறது.

கணினியின் தேதி ஒவ்வொரு முறையும் பல ஆண்டுகள் பின்னுக்குப் போகிறதா? மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம்போல் ஒட்டிக்கொண்டிருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டது. சில பலகைகள் அதற்காகவே தொடங்க மறுத்து, ஒரு விசையை அழுத்தச் சொல்லி நிற்கும்.

பயாஸ் சில்லே வெறுமையாகிப்போனால் என்ன ஆகும் என்பதை 1999 ஏப்ரல் 26 உலகுக்குக் காட்டியது. தைவானில் சென் இங்-ஹாவ் என்ற மாணவர் எழுதிய சிஐஹெச் வைரஸ், செர்னோபில் விபத்து நடந்த அதே தேதியில் வெடித்தது. வட்டின் முதல் பகுதியை அழித்ததோடு, பயாஸ் சில்லிலும் குப்பையை எழுதியது. துருக்கியும் தென்கொரியாவும் மிக மோசமாக அடிபட்டன. விசிறி சுற்றும், விளக்கு எரியும், வேறு எதுவும் நடக்காது. மதர்போர்டு செத்துவிட்டதாக நினைத்துப் பலகையையே மாற்றியவர்கள் உண்டு. அந்த ஒரு சில்லைக் கழற்றி மறுபடி நிரல் ஏற்றினால் பலகை எழுந்துவிடும் என்பது தெரிந்த கடைகள் பிழைக்க வைத்தன.

லோகோ வந்து நிற்கும் மூன்றாம் நோய்க்குத் தமிழ்நாட்டில் ஒரு தனி வரலாறு இருக்கிறது. 2011 செப்டம்பர் 15-ல், ஆவடியைத் தாண்டி அதே ரயில் பாதையில் இருக்கும் திருவள்ளூர் அருகே காக்களூரில், அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அடுத்தடுத்த ஆண்டுகளில் லட்சக்கணக்கான மாணவர்களின் வீட்டுக்கு முதல் கணினி இப்படித்தான் வந்தது. தமிழக அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்த தொடக்க கால மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. இரண்டு இயங்குதளம் உள்ள கணினியில், எது வேண்டும் என்று முதலில் கேட்பது ‘கிரப்’ என்ற சிறு நிரல். அதன் பெரும்பகுதி லினக்ஸ் இருக்கும் பகுதியில் குடியிருக்கிறது. “சினிமா வைக்க இடம் பத்தலை” என்று லினக்ஸ் பகுதியை அழித்தால், மறுநாள் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற இரண்டு சொற்களோடு திரை நின்றுவிடும். விண்டோஸுக்கு ஒரு கீறலும் இல்லை. பாடமும் படமும் எல்லாம் அப்படியே உள்ளே இருக்கின்றன. வாசல் மட்டும் காணாமல் போயிருக்கிறது. விண்டோஸ் நிறுவும் டிஸ்க்கிலிருந்து ஓரிரு கட்டளைகளில் வாசலை மறுபடி வைத்துவிடலாம். ஆனாலும் இப்படி வந்த மடிக்கணினிகளுக்குக் கிடைத்த வைத்தியம் பெரும்பாலும் ஃபார்மேட்தான். ஒரு பிளஸ் டூ பிள்ளையின் ஓராண்டு உழைப்பைக் கேட்காமல் துடைத்துப் போடுவதை வைத்தியம் என்று சொல்லவே கூடாது.

‘பூட் செய்யச் சாதனம் இல்லை’ என்ற பொருளில் ஆங்கில வரி வந்தால், முதலில் யூஎஸ்பியில் பென் டிரைவ் ஏதும் மறந்துவிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பயாஸுக்குள் போய் வட்டின் பெயர் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பெயர் தெரிந்தால் குறை பெரும்பாலும் மென்பொருளில். தெரியாவிட்டால் கேபிளிலோ வட்டிலோ. ஹார்டு டிஸ்க்கிலிருந்து ‘டிக்… டிக்…’ என்று சீரான சத்தம் வந்தால் அந்த நொடியே அணைத்துவிட வேண்டும். நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுற்றும் தட்டின்மேல் படிக்கும் தலை தடுமாறுகிறது என்று பொருள். ஒவ்வொரு முறை ஆன் செய்து பார்ப்பதும் மீட்கக்கூடியதைக் குறைத்துக்கொண்டே போகும். சத்தம் இல்லை என்றால் ஒரு நல்ல வழி இருக்கிறது. வேறொரு கணினியில் உபுண்டு லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பழுதான கணினியைத் தொடங்கலாம். அது ஓடினால் உடம்பு நலமாக இருக்கிறது, விண்டோஸ்தான் படுத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கையோடு கோப்புகளை வெளியே நகலெடுத்தும் விடலாம்.

ஒரு எச்சரிக்கை. புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் வட்டு முழுவதும் பிட்லாக்கர் என்ற குறியாக்க வசதியால் பூட்டப்பட்டிருக்கிறது. பயாஸைப் புதுப்பித்தாலோ மதர்போர்டை மாற்றினாலோ 48 இலக்கச் சாவியைக் கேட்கும். பெரும்பாலும் அது உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கடைக்குக் கொடுப்பதற்கு முன் அதை எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால், நல்ல வட்டும் திறக்க முடியாத பெட்டியாகிவிடும்.

நான்காம் நோயை உலகம் மொத்தமாக அனுபவித்த நாள் 2024 ஜூலை 19. இந்திய நேரம் காலை பத்து மணிக்குச் சற்று முன் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பு, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரைக்கும் ரீஸ்டார்ட்டுக்கும் நடுவே மாட்டிவிட்டது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த 85 லட்சத்தில் ஒன்றின் எஸ்எம்பிஎஸ்ஸும் கெடவில்லை, ரேமும் கெடவில்லை. சேஃப் மோடில் நுழைந்து அந்த ஒரே ஒரு கோப்பை அழித்தால் போதுமாக இருந்தது. வீட்டுக் கணினியிலும் தொடக்கம் இரண்டு மூன்று முறை தொடர்ந்து தடைபட்டால் விண்டோஸ் தானாகவே மீட்புத் திரையைக் காட்டும்; அங்கிருந்து சேஃப் மோடுக்குப் போய், கடைசியாக ஏற்றிய அப்டேட்டையோ டிரைவரையோ நீக்கிப் பார்க்கலாம்.

இனி வெள்ளம். 2015 டிசம்பர் 1-2ல் பூந்தமல்லி அருகேயுள்ள செம்பரம்பாக்கத்தில் 24 மணி நேரத்தில் 47 செ.மீ. மழை கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. தரைத்தளத்தில் மேசைக்கடியில் கேபினட் வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் இது நேரடி அடி. தண்ணீர் வடிந்தபின் பலரும் செய்யும் முதல் காரியம், வெயிலில் ஒரு நாள் காயவைத்துவிட்டு ஓடுகிறதா என்று பட்டனைத் தட்டிப் பார்ப்பது. பல கணினிகளைக் கொல்வது தண்ணீரைவிட இந்தத் தட்டல்தான். சுத்தமான நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. வெள்ள நீர் சாக்கடையும் உப்பும் கலந்தது, நன்றாகவே கடத்தும். பிளக் இல்லாவிட்டாலும் சிஆர்2032 பேட்டரி ஈரப் பலகையில் 3 வோல்ட்டைச் செலுத்திக்கொண்டே செம்புத் தடங்களை அரிக்கும். ஆகவே முதலில் அந்தப் பேட்டரியைக் கழற்ற வேண்டும். சேறு காயும் முன் பலகையைக் காய்ச்சி வடித்த நீரால் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நிழலில் காற்றோட்டமாகச் சில நாள் உலர்த்த வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய எஸ்எம்பிஎஸ்ஸைத் தூக்கிப் போட்டுவிடலாம். அதில் மிச்சம் பிடிப்பது ஆபத்து.

ஹார்டு டிஸ்க்கை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். வழக்கமான ஹார்டு டிஸ்க்கின் மூடியில் ‘மூடாதீர்கள்’ என்ற குறிப்போடு ஒரு ஊசித் துளை இருக்கிறது. உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமமாக இருப்பதற்கான துளை அது. வெள்ளத்தில் அதன் வழியே நீரும் வண்டலும் நுழையும். தட்டுக்கும் தலைக்கும் நடுவே உள்ள இடைவெளி சில நானோமீட்டர். ஒரு மண்துகள் அங்கே பாறைக்குச் சமம். அப்படி நனைந்த வட்டுக்கு மின்சாரம் கொடுக்காமல் நேராகத் தரவு மீட்பு நிலையத்துக்குக் கொண்டுபோனால் கோப்புகள் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஒரு முறை சுற்றவிட்டால் அந்த வாய்ப்பில் பெரும்பகுதி போய்விடும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்குள் மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள்: கேபினட்டைத் தரையிலிருந்து மேசைமேல் ஏற்றுங்கள், பிட்லாக்கர் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள், சான்றிதழ்களையும் புகைப்படங்களையும் பிள்ளைகளின் பாடங்களையும் ஒரு வெளி வட்டில் நகலெடுத்து, அதை வேறொரு வீட்டில், முடிந்தால் வேறொரு தெருவில் வையுங்கள்.